மகள் கிரேக்கப் புரட்சி படிக்கப் போகிறேன் என்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பயம் நிறைய இருக்கிறது, கேள்வி ஒன்றுதான். பயாலஜி-மேத்ஸ் குரூப்பில் நன்றாகப் படிக்கும் பெண் நீட் வேண்டாம் என்கிறாள். பி.ஏ. வரலாறு சேர்ந்து, பிறகு கிரேக்க விடுதலைப் போரை ஆராயப் போகிறாளாம். இது சோறு போடுமா? பி.ஏ. வரலாறு போடும். வேறு மொழி எதையும் தொடாமல், "ஐரோப்பிய வரலாறு" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு எம்.ஏ. வரை போனால் போடாது. நான் சொல்லப்போவது எல்லாம் இதற்குள் அடக்கம்.

வேலையைப் பேசுவதற்கு முன், இது வெறும் மயக்கமா, படிக்கிற ஆர்வமா என்று பார்த்துவிடுவோம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இந்தப் போர் சில வரிகளில் முடிந்துவிடும். 1821-ல் தொடங்கியது, ஆங்கிலக் கவிஞர் பைரன் போய்ச் சேர்ந்து காய்ச்சலில் இறந்தார், 1832 உடன்படிக்கையில் கிரீஸ் தனி நாடானது, அவ்வளவுதான். அந்தச் சில வரிகளிலேயே கிறங்கிப்போகும் பிள்ளைகள் உண்டு. 1820-களில் ஐரோப்பிய இளைஞர்களும் அப்படித்தான் கிளம்பினார்கள். பள்ளியில் படித்த பழைய கிரேக்கத்தைத் தேடிப் போனவர்கள், மலைநாட்டுப் படைத்தலைவர்களும் தீவுகளின் கப்பல் முதலாளிகளும் தங்களுக்குள் அடித்துக்கொள்வதைப் பார்த்து நொந்து போனார்கள். கிரீஸை ஆண்டுவந்த துருக்கியரின் ஒட்டோமான் பேரரசுடன் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1823-க்கும் 1825-க்கும் இடையில் இரண்டு உள்நாட்டுப் போர்கள் நடந்தன. போரின் மிகப் பெரிய தளபதியான கொலோகோத்ரோனிஸைப் புரட்சி அரசே சிறையில் வைத்தது.

மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இந்தப் போரில் நடந்த படுகொலைகள் எவை?" சியோஸ் தீவை உடனே சொல்வாள். 1822-ல் ஒட்டோமான் படைகள் அங்கே கிரேக்கர்களைக் கொன்றதையும் அடிமைகளாக விற்றதையும் பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா வரைந்தார். அந்த ஓவியம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இணையத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு கிரேக்கப் படைகள் திரிபோலிட்சா நகரைப் பிடித்தபோது அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் ஆயிரக்கணக்கில் கொன்றார்களே, அதையும் சொல்கிறாளா? தெரியாவிட்டால் கோபிக்காதீர்கள், தேடிப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகும் ஆர்வம் குறையாவிட்டால் அவள் இந்தத் துறையில் தாங்குவாள். தனக்குப் பிடித்த பக்கம் செய்த கொலையைப் படிக்க மனம் வராதவர்கள் வரலாற்றை ரசிக்கலாம், தொழிலாகக் கொள்வது கடினம்.

நீங்கள் வங்கியில் வேலை பார்ப்பதாக எழுதியிருப்பதால், இந்தப் போரை உங்கள் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். 1824-ல் கிரேக்கப் புரட்சி அரசு லண்டன் சந்தையில் கடன்பத்திரம் வெளியிட்டது. முகமதிப்பு 8 லட்சம் பவுண்டு, ஆனால் 100 பவுண்டுப் பத்திரம் 59-க்குத்தான் விற்றது. அடுத்த ஆண்டு 20 லட்சம் பவுண்டுக்கு இன்னொரு வெளியீடு, விலை அதைவிடக் குறைவு. முன்கூட்டியே பிடித்த வட்டி, தரகு எல்லாம் கழித்துப் போர்க்களத்துக்கு வந்து சேர்ந்தது சொற்பம். அதிலும் ஒரு பங்கை வைத்து நியூயார்க்கில் இரண்டு போர்க்கப்பல்கள் கட்டச் சொன்னார்கள். செலவு எகிறியது. ஒன்றை அமெரிக்கக் கடற்படைக்கு விற்றுத்தான் மற்றொன்றைக் கொண்டுவர முடிந்தது. 1827-க்குள் இரண்டு கடனும் வாராக்கடன் ஆயின. லண்டனில் அதற்கு ஒரு முடிவு வந்தது 1878-ல்!

உலகம் நாடாகவே ஏற்றுக்கொள்ளாத ஓர் அரசுக்கு எதை நம்பிக் கடன் கொடுத்தார்கள்? பணம் போட்டவர்களின் கவலைக்கும், 1827 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல்கள் நவாரினோவில் ஒட்டோமான்-எகிப்தியக் கடற்படையை அழித்ததற்கும் தொடர்பு உண்டா? இப்படிக் கேட்கத் தெரிந்தவளுக்குப் பொருளாதாரத்தைத் துணைப்பாடமாக எடுத்துக் கொடுங்கள். பன்னாட்டுக் கடன், அரசியல் அபாயம் பற்றி எழுதும் ஆய்வு நிறுவனங்களும் பத்திரிகைகளும் அப்படிப்பட்டவர்களைத் தேடுகின்றன. உடனே வேலை கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். வெறும் போர்த் தேதிகளை ஒப்பிப்பவளைவிட இவளுக்குக் கதவுகள் அதிகம்.

இந்தியாவில் இருக்கும் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய வரலாற்றுக்கென்று பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர் வேலைக்கும், டி.ஆர்.பி. தேர்வுக்கும் வழி இருக்கிறது. சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் உலக வரலாறு இருக்கிறது, வரலாற்றை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். அதிகம் பேர் கவனிக்காத வழி ஒன்று ஆவணத் துறை. தில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஓராண்டு டிப்ளமா நடத்துகிறது. பழைய கோப்பைப் படிக்க, பாதுகாக்க, டிஜிட்டல் ஆக்கத் தெரிந்தவர்கள் பெரிய நிறுவனங்களுக்கும் தேவைப்படுகிறார்கள்.

வெளிநாடு பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ.வுக்குக் கட்டணமும் செலவும் சேர்த்து 30 லட்சத்துக்குக் குறையாது. வரலாற்றுக்காக அந்த அளவு கல்விக் கடன் வாங்காதீர்கள், எந்த ஏஜென்ட் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி. உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போகட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் பட்டப்படிப்பில் இடமும் உதவித்தொகையும் சேர்ந்து கிடைத்தால் மாதம் 1,400 யூரோ வரும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. விசாவுக்கு இப்போதைய நிலவரப்படி ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் அளவாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். தென்கிழக்கு ஐரோப்பிய வரலாற்றுக்கு ரேகன்ஸ்பர்க் நல்ல இடம். இவை எல்லாம் இளங்கலைக்குப் பிறகு யோசிக்க வேண்டியவை. இளங்கலை இங்கேயே போதும், தில்லியானாலும் ஹைதராபாத்தானாலும் தாம்பரத்தில் எம்.சி.சி.யானாலும்.

இனி வருவதை மகளிடமே கொடுங்கள்.

அம்மா, உன் ஆர்வத்தை நான் குறைக்கவில்லை. "கிரேக்கப் புரட்சி" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. ஏதென்ஸில் பிறந்து வளர்ந்தவர்களோடு கிரேக்க ஆவணத்தில் உடனே போட்டி போட உன்னால் முடியாது. அவர்கள் வர யோசிக்காத வழியாக நீ உள்ளே போகலாம். ஒரு வழியைச் சொல்கிறேன். ஃபிரெடெரிக் நார்த் 1798 முதல் 1805 வரை இலங்கையின் ஆளுநர். அதற்கு முன்பே, 1791-ல், கோர்ஃபு தீவில் கிரேக்க மரபுவழித் திருச்சபையில் சேர்ந்தவர். பின்னாளில் கில்ஃபோர்டு பிரபுவாகி அதே கோர்ஃபுவில் 1824-ல் அயோனிய அகாதமியைத் தொடங்கினார். இலங்கையில் அவருக்கு அடுத்து வந்தவர் தாமஸ் மெயிட்லண்ட். அவரும் பிறகு, கோர்ஃபுவும் சேர்ந்த, பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த அயோனியத் தீவுகளை ஆளத்தான் அனுப்பப்பட்டார். 1819-ல் எதிர்க்கரையிலுள்ள பார்கா நகரை ஒட்டோமான் ஆளுநர் அலி பாஷாவிடம் ஒப்படைத்ததும், பக்கத்தில் புரட்சி வெடித்தபோது தீவுகளை நடுநிலையில் இறுக்கிப் பிடித்ததும் அவர் காலத்தில் நடந்தவை. யாழ்ப்பாணத்தை அடுத்தடுத்து ஆண்ட இரண்டு பேருமே பின்னாளில் கோர்ஃபுவுக்குப் போயிருக்கிறார்கள், ஒருவர் கல்விக்காக, ஒருவர் ஆட்சிக்காக. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இலங்கைக் கடிதங்கள் இருக்கும் காலனி அலுவலக வரிசை எண் சி.ஓ. 54, அயோனியத் தீவுகளின் கடிதங்கள் சி.ஓ. 136. இரண்டும் பெரும்பாலும் ஆங்கிலம். 1796 முதல் 1798 வரை இலங்கைக் கரையோரம் மதராஸ் நிர்வாகத்தில் இருந்ததால், முன்கதையைத் தேட எழும்பூர்க் காப்பகத்துக்கும் போகலாம், சென்னையிலேயே.

இன்னொரு வழி லெஸ்டர் ஸ்டான்ஹோப். இந்தியாவில் படை அதிகாரியாக இருந்து, இங்கே பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வாதாடியவர், பைரன் இருந்த கிரேக்க நகரான மிசலோங்கியில் போய்ச் செய்தித்தாள் தொடங்கினார். முதலில் பீரங்கி வாங்கலாம் என்ற பைரனுக்கும் அவருக்கும் ஓயாத தகராறு. எதிர்த்திசையில் வந்தவரும் உண்டு. ஏதென்ஸில் பிறந்த திமித்ரியோஸ் கலானோஸ் காசியில் வாழ்ந்து, சமஸ்கிருத நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்து, 1833-ல் அங்கேயே இறந்தார். ஜே.என்.யு.வில் அவர் பெயரில் கிரேக்கவியல் இருக்கை இருக்கிறது.

மொழியில் முதலில் பிரெஞ்சு. அன்றைய ராஜதந்திரக் கடிதங்கள் பிரெஞ்சில்தான். கிரீஸின் முதல் ஆளுநர் கப்போதிஸ்திரியாஸ் ரஷ்ய வெளியுறவுத் துறையில் இருந்தபோது எழுதியவையும் அப்படியே. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. பட்டம் முடிவதற்குள் சரளமாகப் படிக்கவும் பேசவும் வருகிற பி2 நிலையைத் தொடு. நவீன கிரேக்கத்தை இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் போதும். உன் தோழிகளில் அரபி எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல். ஒட்டோமான் துருக்கி மொழி அரபி எழுத்தில்தான் எழுதப்பட்டது, இஸ்தான்புல் கோப்புகளைப் படிக்க அவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போதைக்கு ஒரு பயிற்சி. கிரீஸ் 1923 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது லண்டனில் இருந்த, இன்று நாமும் பயன்படுத்தும் நாட்காட்டியைவிட 12 நாள் பின்தங்கியது. லண்டனில் அக்டோபர் 20 என்று எழுதிய நவாரினோ, கிரேக்கத் தாளில் அக்டோபர் 8. இணையத்தில் நீ படிக்கும் ஐந்து கட்டுரைகளை எடுத்து, எந்தத் தேதி எந்த நாட்காட்டி என்று பட்டியல் போடு. அதில் எரிச்சல் வந்தால் எனக்கு எழுது, மறுபடி பேசுவோம்.

மறுபடி உங்களுக்கு, ஐயா. பிளஸ் டூவில் வரலாறு படிக்காதது தடை இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்வில் எந்தப் பாடங்களை எழுத வேண்டும் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அறிவிப்பிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றைப்போல ஒன்று இருக்காது. "நீட்டையும் எழுதி வைக்கட்டும்" என்ற யோசனை வேண்டாம், அந்த மாதங்கள் பிரெஞ்சுக்குப் போகட்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் ஐ.ஏ.எஸ்.ஸுக்குத் தயாராகிறாள் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லாதீர்கள். நாலு வருடம் கழித்து ரிசல்ட் என்னாச்சு என்று அவளைத்தான் பிடித்துக் கேட்பார்கள்.