பிரம்பு பின்னுன பழைய மாடல் சேர் திரும்ப ஃபேஷன் ஆயிட்டே வருதே, காசு போட்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா சேரைக் கவுத்துப் பாக்காம வாங்காதீங்க.

இப்போ ரீல்ஸ்ல எல்லாம் வர்ற அந்த காம்பஸ் மாதிரி கால் விரிஞ்ச சேர், சண்டிகர் சேர்னு சொல்றாங்கல்ல, அது 1950கள்ல அந்த ஊரைப் புதுசா கட்டுனப்போ ஆபீஸ், காலேஜுக்குன்னு போட்டது. அந்த ஊரை பிளான் பண்ண ஆர்க்கிடெக்ட் லு கார்பூசியேவோட ஒன்னுவிட்ட தம்பி பியர் ழான்னரேவும் அவர் டீமும் டிசைன் பண்ணாங்க. தேக்கும் பிரம்பும் நம்ம நாட்டு சரக்கு, உள்ளூர் ஆசாரியே செஞ்சுடுவார், அதான் கணக்கு. அப்புறம் பழசாயிடுச்சுன்னு மொட்டமாடில குவிச்சு வச்சு ஏலத்துல அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டாங்க, வெளிநாட்டு டீலருங்க அள்ளிட்டுப் போய் பாலிஷ் போட்டு லட்சக்கணக்குல வித்தாங்க, 2011ல விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போடறதுக்குள்ள நெறைய போயிடுச்சு.

நான் மாயவரம் பக்கம். எங்க தாத்தா ஆபீஸ் ஏலத்துல எடுத்த தேக்கு சேர் ஒன்னு திண்ணையில கெடக்கு. உக்கார்ற எடம் தொங்குனா கவுத்துப் போட்டு அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு ஊறவிட்டு நெழல்ல காய வைப்பார், மறுநாள் மத்தளம் மாதிரி விறைச்சுக்கும். சித்திரை வெயில்ல முதுகு வேகாம உக்கார அதை விட்டா வேற கெடையாது.

என் மச்சான் ஆன்லைன்ல அதே மாடல் புதுசா வாங்குனான். பாக்க ஜோர்தான், ஆனா ஆறே மாசத்துல ஐப்பசி மழையில பிரம்பு மூலையில பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. கவுத்துப் பாத்தா சட்டத்துல ஓட்டையே இல்ல! மெஷின்ல நெய்த பிரம்பு ஷீட்டை சட்டத்துல வெட்டுன பள்ளத்துல அமுக்கி பசை போட்டு ஒட்டிருக்கான். கையால பின்னுனதுன்னா சட்டம் பூரா வரிசையா ஓட்டை இருக்கும், ஒவ்வொன்னுலயும் பிரம்பு எறங்கி ஏறும். ஷீட்டே மோசம்னு சொல்ல வரல, கைப்பின்னல் வெலைக்கு ஷீட்டைத் தலையில கட்டுறதுதான் கடுப்பு.

கடைசில ரெண்டு சேரையும் டாடா ஏஸ்ல ஏத்திட்டு கொள்ளிடம் பக்கம் தைக்கால் போனோம், அங்க மெயின்ரோட்டுலயே பிரம்புக் கடைங்க இருக்கு. கடைக்கார பாய் தாத்தா சேரை ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு, "சட்டம் இரும்பு மாதிரி இருக்கு தம்பி, பிரம்பு மட்டும் மாத்திக்கலாம்"னார். மச்சானோடதைக் கவுத்துப் பாத்தவர், "இதுக்கு வண்டி வாடகை வேற குடுத்தீங்களா?"ன்னு கேட்டார்.