வெரோனா அரீனா: முட்டிவலியோடு கல்படியா?

இத்தாலியில் இருக்கும் வெரோனா அரீனாவுக்கு அம்மாவோடு ஓபெரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) பார்க்கப் போகிறோம், எந்த டிக்கெட் எடுப்பது என்று கேட்டீர்கள்; அம்மாவுக்கு முட்டிவலி என்கிறீர்கள். அப்படியானால் விலை குறைவு என்று கல்படியில் உட்காரும் டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டிய அரங்கு அது. ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 45 செ.மீ. உயரம், முதுகு சாய இடமில்லை. ஜூலை வெயில் குடித்த கல் ராத்திரி ஒன்பது மணிக்கும் சுடும். ‘ஐடா’ என்ற ஓபெரா பார்க்கப் போவதாகச் சொன்னீர்களே, அது முடிய நள்ளிரவு தாண்டிவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் சரி, கீழே நாற்காலி வரிசையில் எடுங்கள்.

பாட்டு கேட்குமா என்ற கவலை வேண்டாம், 1913லேயே அங்கே ஓபெரா விழா தொடங்கிவிட்டது. கூரையில்லாத அரங்கு என்பதால் மழைதான் தலைவலி. நிகழ்ச்சி ஆரம்பித்த பிறகு மழையால் நின்றுபோனால் வழக்கமாகப் பணம் திரும்பாது.

அப்புறம், வெளியே தனியாக நிற்கும் நான்கு வளைவுகளைப் பார்க்க மறக்காதீர்கள். 1117 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளிச்சுவரில் மிஞ்சியது அவ்வளவுதான்.