கருகிப்போன நாலு நெல்லை வைத்து, அந்தக் காலத்துச் சாப்பாட்டையும் வியாபாரத்தையும் எப்படிச் சொல்கிறார்கள்? நம்பலாமா?

கேள்வியின் தொனியைப் பார்த்தால் யாரிடமோ மல்லுக்கட்டிவிட்டு வந்து கேட்கிறீர்கள் போலத் தெரிகிறது. நம்பலாம். நான் தொல்லியல் படித்தவன் இல்லை. சீர்காழிப் பக்கம் நெல் விவசாயம். ஆனாலும் இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. அப்படிக் கருகின நெல்லை என் கையாலேயே வாய்க்காலில் விட்டவன் நான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடையில் கொல்லைக் குட்டையை ஜேசிபி வைத்து ஆழப்படுத்தினோம். ஆளுயரத்துக்கும் கீழே வாய் உடைந்த பானை ஒன்று வந்தது. கழுத்துவரை கெட்டியாகக் களிமண். சித்தப்பா, "பம்புசெட்டுத் தண்ணியில காட்டுடா, காசு கீசு கெடக்கும்" என்றார். காட்டினேன். காசு வரவில்லை. மண் கரையக் கரைய, கறுப்பாகப் பொடிப் பொடியாக என்னவோ மிதந்து வந்தது. ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தேன். உமி இல்லை, ஆனால் அரிசியின் மேல் நீளவாக்கில் ஓடும் வரப்பு மாதிரியான கோடுகள் அப்படியே இருந்தன. அத்தை வாங்கி இரண்டு விரலால் நசுக்கினார். கண்மை போல ஒட்டிக்கொண்டது. மிச்சமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. பானையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவித் திண்ணையில் வைத்தோம்.

தொல்லியல் படித்துக்கொண்டிருந்த அக்கா மகள் பொங்கலுக்கு வந்தாள். பெருமையாகக் காட்டினேன். பானையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "உள்ளே இருந்த மண் எங்கே மாமா?" என்றாள். சொன்னதும் அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

தொல்லியல்காரர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதேதானாம். தோண்டிய மண்ணை வாளி வாளியாகத் தண்ணீரில் கரைப்பார்கள். கரியானது மிதக்கும். அதை மெல்லிய சல்லடையில் பிடித்து, நிழலில் உலர்த்தி, உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நான் சல்லடை இல்லாமல் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். பச்சை நெல் மண்ணில் மட்கிவிடும். அடுப்பிலோ தீ விபத்திலோ பாதி வெந்து கரியானதைத்தான் பூச்சியும் பூஞ்சையும் தொடாது. கரியை வைத்து வயது பார்க்கவும் நெல்தான் நல்லது. ஒரு மரக்கட்டை நூறு வருஷம் நின்ற மரத்தின் உள்வயிரமாக இருக்கலாம், கணக்கு அந்த அளவுக்குப் பிசகும். நெல் ஒரு போகத்துப் பயிர்.

காட்டு நெல்லா, பயிரிட்ட நெல்லா என்பதும் தெரியும். காட்டு நெல் பழுத்ததும் தானே உதிரும், அதனால் காம்பு விட்ட இடம் வழவழவென்று இருக்கும். நம் நெல்லை அடித்தால்தான் பிரியும், அந்த இடம் பிய்ந்து சொரசொரப்பாக இருக்கும். அன்றைக்கு எங்கள் களத்து நெல்லை லென்ஸில் வைத்து அவள் காட்டியபோது, நாற்பது வருஷமாக நெல்லோடு புழங்கும் எனக்கே அது புதுச் செய்தி.

என் பானை சோழர் காலத்தது என்று நான் சொல்லவில்லை. எங்கள் கொள்ளுப்பாட்டி புதைத்ததாகக்கூட இருக்கலாம். கமெண்டில் வந்து குதிக்க வேண்டாம். உறுதியானவை வேறு இருக்கின்றன. பழனிப் பக்கம் பொருந்தலில் ஒரு ஈமக்குழிச் சாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது, காலம் கி.மு. 490 என்று வந்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழியில் இருந்த நெல்லுக்கு கி.மு. 1155. இரண்டும் மேட்டு நிலத்து ஊர்கள். நெல்லுக்கே பேர்போன நம் டெல்டாவில் வண்டல் மூடிக் கிடக்கிறது, வருஷா வருஷம் மண் நனைகிறது, காய்கிறது, மறுபடி நனைகிறது. இருப்பதும் நொறுங்கிப் போகும். அதையும் மீறித் தப்பியதை என்னைப் போல யாராவது கழுவிவிடுவார்கள்.

வியாபாரம் கேட்டீர்களே. அப்போது ரோமர் ஆண்ட எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகம். அங்கே ஒரு கோயிலில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றில், கி.பி. 1ஆம் நூற்றாண்டு மிளகு ஏழரைக் கிலோ அப்படியே இருந்தது. பாலைவன வறட்சி, கரியாகக்கூட வேண்டியிருக்கவில்லை. பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையில் "காலின் வந்த கருங்கறி மூடை" என்று வருவது இதே சரக்குதான், கருங்கறி என்றால் மிளகு. ஆனால் எனக்கு மிளகைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அதே ஊரில் அரிசியும் பாசிப்பயறும் தேங்காயும் கிடைத்திருக்கின்றன. ரோமாபுரிக்காரன் மிளகுக்குத் தங்கம் கொடுப்பான், பாசிப்பயறுக்குக் கொடுப்பானா? போன நம் ஆட்கள் தின்றதாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி. என் தம்பி துபாய் போகும்போது பெட்டியில் பாதி பருப்புப்பொடி.

இதே தானியங்கள் நம் பெருமையையும் கொஞ்சம் இறக்கிவைக்கும். கேழ்வரகும் கம்பும் சோளமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. மிளகாய் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. இதைச் சொன்னதற்கு ஊரில் ஒருத்தர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. வந்து இத்தனை காலமாகப் பயிரிட்டால் நம்முடையது ஆகாதா என்றால் ஆகும், யார் இல்லை என்றது?

கடைசியாக, கேட்டதற்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூவாயிரம் வருஷத்து நெல்லுக்கு அமெரிக்கா வரை அனுப்பி வயசு பார்க்கிறார்கள். சந்தோஷம். போன மாசியில் அறுத்த என் நெல்லுக்கு ஈரம் பார்க்க, கொள்முதல் நிலையத்தில் ஒன்பது நாள் ஆளில்லை. பத்தாம் நாள் மழை. 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவா என்றார்கள். சாலையில் தார்ப்பாய் போட்டுக் காயவைத்தோம். அடியில் இருந்த சிப்பங்களைப் பிரித்தால் நாற்றங்கால் மாதிரிப் பச்சை.