வீடு பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செந்தூலில் பழைய கொண்டோ ஒன்றை வாங்கி இரண்டு குளியலறைகளையும் புதுப்பித்தோம். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸை ஒட்டினார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கீழ்வீட்டுக் கூரையில் நீர் சொட்டுவதாக நிர்வாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளரோ, "இடுக்குகளில் மறுபடியும் கிரவுட் பூசித் தருகிறேன், நின்றுவிடும்" என்கிறார். சம்மதிக்கலாமா?
- வாசகி, செந்தூல்

பதில்: வேண்டாம். கிரவுட் நீரைத் தடுக்கும் பொருளே அல்ல. சாதாரண சிமெண்டு கிரவுட் நீரை உறிஞ்சும். நீரை நிறுத்துவது டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சுதான். உங்கள் வீட்டில் புதிதாக எந்தப் பூச்சும் போடவில்லை. கட்டடம் எழுந்தபோது போட்ட பழைய பூச்சை நம்பித்தான் வேலை நடந்திருக்கிறது. புதுக் குழாய்க்காகச் சுவரைக் கொத்தியபோது அந்தப் பூச்சும் வெட்டுப்பட்டிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை 12 முதல் 15 மில்லிமீட்டர் உயரும். வடிகால் வாய் பழைய மட்டத்திலேயே நிற்கும். வடிகாலைச் சுற்றி இரண்டு அடுக்குக்கும் நடுவே தெரியும் வெட்டிய ஓரத்தைச் சரியாக அடைக்காவிட்டால், குளிக்கும் நீர் அதற்குள் புகுந்து இரண்டு டைல்ஸ் அடுக்குகளுக்கு இடையே ஓடி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே இறங்கும். மேலே எத்தனை முறை கிரவுட் பூசினாலும் அது நிற்காது.

முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் எண் நகர்ந்தால் வீட்டுக்கு நீர் கொண்டுவரும் அழுத்தக் குழாயில் ஓட்டை என்று பொருள். அப்போது யாரும் குளிக்காத நேரத்திலும் கீழே சொட்டும். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தரையிலோ வடிகாலிலோதான் கோளாறு. அதை உறுதிசெய்யத் தேக்கச் சோதனை செய்யலாம். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வடிகால் வாயை அடைப்பானால் இறுக மூடி, 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் தெரிந்தவுடன் நீரை வடித்துவிட வேண்டும். மேலும் காத்திருந்தால் அவர்களுடைய கூரைப் பலகைதான் பாழாகும். அடைத்து வைத்திருக்கும்போது ஈரம் வராமல், திறந்துவிட்டதும் வந்தால், குற்றம் வடிகால் குழாயின் இணைப்பில்.

தரைதான் காரணம் என்றால் இரண்டு அடுக்கு டைல்ஸையும் கான்கிரீட் தளம் தெரியும்வரை உடைத்தாக வேண்டும். செலவான காரியம்தான், ஆனால் வேறு வழியில்லை. தளத்தைத் தூசியில்லாமல் கழுவியபின், குழாய் தளத்தைத் துளைக்கும் இடங்களைச் சுருங்காத கிரவுட்டால் (இது டைல்ஸ் இடுக்குக் கிரவுட் அல்ல, காய்ந்தாலும் சுருங்காத சிமெண்டுக் கலவை) அடைக்கச் சொல்லுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையைச் சிமெண்டால் சரிவாக நிரப்பி வலைத்துணி பதிக்க வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சு குறைந்தது இரண்டு முறை: முதல் பூச்சு காய்ந்தபின் இரண்டாவதைக் குறுக்குத் திசையில். சுவரில் 300 மில்லிமீட்டர் உயரத்துக்கும், ஷவர் பகுதியில் 1.8 மீட்டர் வரைக்கும் ஏற்றுவது நல்லது. பூச்சு முழுதாகக் காய்ந்ததும் 24 மணி நேரத் தேக்கச் சோதனை. அதில் தேறினால்தான் சரிவுத்தளம் போட வேண்டும். சரிவு ஒரு மீட்டருக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர், வடிகாலை நோக்கி. டைல்ஸ் ஒட்டியபின் மறுபடியும் சோதியுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வையுங்கள்.

நிர்வாகத்தின் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி மேலாண்மை விதிமுறைகளின்படி, கூரையில் கசிவு என்றால், அப்படி இல்லை என்று சான்று கிடைக்கும்வரை மேல்வீடுதான் காரணம் என்று கொள்வார்கள். புகார் வந்த 7 நாளுக்குள் நிர்வாகம் சோதனையிட வேண்டும், பிறகு 28ஆம் பாரத்தில் சான்றிதழ் தரும். கோளாறு உங்கள் வீட்டில் என்றால் 7 நாளில் நீங்கள் சரிசெய்யத் தொடங்கியாக வேண்டும். தவறினால் நிர்வாகமே செய்துவிட்டுச் செலவை உங்களிடம் வசூலிக்கலாம். அந்தச் சான்றிதழின் நகலை வாங்கி வையுங்கள். குத்தகையாளரிடம் இழப்பீடு கேட்க அது வலுவான ஆவணம்.

கேள்வி: வரவேற்பறையில் 600க்கு 600 மில்லிமீட்டர் அளவில் போர்சலின் டைல்ஸ் போட்டோம். நடந்தால் பல இடங்களில் 'டொக் டொக்' என்கிறது. சன்னலோரம் இரண்டு டைல்ஸ் கூடாரம்போல் மேலெழுந்துவிட்டன. ஓட்டை போட்டுப் பசை செலுத்தினால் போதுமா?
- வாசகர், குளுகோர், பினாங்கு

பதில்: எழுந்துவிட்ட இரண்டுக்கும் பசை உதவாது, எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மற்றவற்றை ஐம்பது காசு நாணயத்தால் தட்டி, வெற்றொலி வரும் இடத்தில் மறைப்பு நாடா ஒட்டி, முழுத் தரைக்கும் ஒரு வரைபடம் போடுங்கள். ஒரு மூலையில் மட்டும் கைப்பிடி அளவு வெற்றொலி இருந்தால் விட்டுவிடலாம். நடுப்பகுதியும் ஓரங்களும் வெறுமையாக ஒலித்தால் அந்த டைல்ஸ் பாரம் பட்டதும் விரிசல் விடும்.

அநேகமாக நடந்தது இதுதான்: நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை கலவை வைத்து அழுத்தியிருப்பார்கள், அல்லது வெறும் சிமெண்டுப் பாலில் ஒட்டியிருப்பார்கள். போர்சலின் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். வெறும் சிமெண்டு அதில் பிடிக்காது. பாலிமர் கலந்த டைல்ஸ் பசையை 10 மில்லிமீட்டர் பல்வைத்த பூச்சுக் கரண்டியால் தரையில் ஒரே திசையில் கோடிட்டு, டைல்ஸின் முதுகிலும் மெல்லப் பூச வேண்டும். வேலை நடக்கும்போது பத்தில் ஒரு டைல்ஸைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் 80 விழுக்காடாவது பசை படிந்திருக்க வேண்டும், ஈரமான இடமென்றால் 95.

மேலெழுந்ததற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கும். சுவரோரத்தில் இடைவெளி விடாமல் டைல்ஸை முட்ட வைத்திருப்பார்கள். சன்னலோரத்துப் பிற்பகல் வெயிலில் விரியும் தரைக்குப் போக இடமில்லாததால் மேலே எழுகிறது. சுவர்விளிம்புப் பட்டைக்கு அடியில் 5 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு பட்டையைக் கழற்றிப் பாருங்கள். இல்லையென்றால் ஓரத்தை அறுத்து இடைவெளி விடாமல் வேறெதைச் செய்தாலும் பயனில்லை.

பசை செலுத்துவது, அசையாமல் வெற்றொலி மட்டும் தரும் சில டைல்ஸுக்குச் சரி. பாதித் தரை அப்படியென்றால் அது குத்தகையாளருக்குத்தான் மிச்சம், உங்களுக்கு அல்ல.

கேள்வி: ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு. கீழ்ச்சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசிச் சாயம் அடித்தோம். இரண்டடி உயரம்வரை சாயம் கொப்புளித்து வெள்ளைத் தூள் உதிர்கிறது.
- வாசகி, பினாங்கு

பதில்: இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். நிலத்து ஈரம் மேலேறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் அக்ரிலிக் சாயமும் போட்டதும் ஈரம் வெளியேற முடியாமல் உப்பைக் கொண்டுவந்து சாயத்துக்குப் பின்னால் சேர்க்கிறது. மறுபடி சாயம் அடித்தால் மறுபடி உரியும். சிமெண்டுப் பூச்சை ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை எடுத்துவிட்டு, சுவரை நன்றாக உலரவிட்டு, சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்புச் சாயமும் போடுங்கள். (புதுக் கான்கிரீட் வீட்டில் இதே கொப்புளம் வந்தால் காரணம் வேறு: பூச்சு 28 நாள் காயுமுன் சாயம் அடித்திருப்பார்கள்.)

கேள்வி: புதுப்பித்தபின் வாட்டர் ஹீட்டர் போட்டால் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுகிறது. "அதை மாற்றினால் சரி" என்கிறார் வேலையாள்.
- வாசகர், செராஸ்

பதில்: ஹீட்டரைத் தொடாதீர்கள். ஈ.எல்.சி.பி. விழுவது மின்சாரம் வேறு வழியில் கசிகிறது என்பதால். அந்தக் கருவியைத் தூக்கிவிட்டு நேரடியாக இணைப்பது உயிராபத்து. அலமாரி மாட்டிய திருகாணி கம்பியைத் துளைத்திருக்கலாம், குழாய் இல்லாமல் பூச்சுக்குள் புதைத்த இணைப்பு ஈரமாகியிருக்கலாம், ஹீட்டரின் சூட்டுக்கம்பியே பழுதாகியிருக்கலாம். 500 வோல்ட் மெகர் சோதனை (கம்பியின் காப்புறை பழுதாகியிருக்கிறதா என்று அளப்பது) செய்தால் தெரிந்துவிடும்.

ஹீட்டருக்கென்று தனி மின்சுற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் சூடேறி உருகலாம். 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத கம்பி, 20 ஆம்பியர் இருமுனை சுவிட்ச், 10 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. இவை வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்றவரையே அழையுங்கள். முடிந்ததும், வேலை முடிந்ததற்கும் சோதனை செய்ததற்கும் சான்றான ஜி, எச் பாரங்களைக் கையெழுத்துடன் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 18,000 ரிங்கிட்டுக்கு வேலை, பெரும்பகுதி கொடுத்தாகிவிட்டது. சமையலறை அலமாரி சிங்க் அடியில் ஊதிவிட்டது, கதவுகள் மூடவில்லை. குத்தகையாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. எங்கே போவது?
- வாசகர், புக்கிட் ஜாலில்

பதில்: மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு. 50,000 ரிங்கிட்வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். வீடுவாங்குவோர் தீர்ப்பாயம் வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர்மீதான புகாருக்கு மட்டுமே, அங்கே போய் நாளை வீணாக்காதீர்கள்.

அதற்கு முன், குறைகளை அறைவாரியாக எழுதிப் படங்களுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, சரிசெய்ய 14 நாள் கெடு கொடுங்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்புங்கள். கெடு முடியும்வரை மிச்சப் பணத்தைக் கொடுக்க வேண்டாம், வேறு ஆளை வைத்துப் பிரிக்கவும் வேண்டாம்; சான்று போய்விடும். ஊதிப்போன பலகையின் வெட்டுமுனையைப் படமெடுங்கள். ஒப்பந்தத்தில் பிளைவுட் என்று எழுதி, உள்ளே மரத்துகள் பலகை தெரிந்தால் உங்கள் வாதம் பாதி முடிந்தது.

மனுவுடன் விலைக்குறிப்பு, கட்டண ரசீதுகள், வங்கிப் பரிமாற்றத் தாள்கள், கெடுக் கடிதம், வேறு இரண்டு குத்தகையாளர்களிடம் எழுத்தில் வாங்கிய சீரமைப்பு மதிப்பீடு ஆகியவற்றை இணையுங்கள். மதிப்பீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை இருக்கட்டும். மொத்தத் தொகையை மட்டும் காட்டினால் எந்தக் குறைக்கு எவ்வளவு என்று தீர்ப்பாயத்தில் கேட்பார்கள்.