பேச்சுச் சிகிச்சை படிக்க விரும்பும் மகளும் பெத்தப்பாவின் தேத்தண்ணியும்

அன்புள்ள அக்காவுக்கு,

களுவாஞ்சிக்குடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பாரிசவாதம் வந்த பெத்தப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கலாமா கூடாதா என்று வீட்டில் நடந்த சண்டையைப் பார்த்த பிறகு, பேச்சு மொழிச் சிகிச்சை படிக்க ஆசைப்பட்ட மகள் தயங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் இளகிய பிள்ளை, இந்த வேலை தாங்காது என்பது உங்கள் பயம். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று யோசித்துக் கலங்குகிற பிள்ளைதான் இந்தத் தொழிலுக்கு வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

திக்கிப் பேசும் சிறுவர்களுக்கும் பேச்சு வராத பிள்ளைகளுக்கும் மட்டுமே இந்தச் சிகிச்சை என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். விழுங்குவதைப் பரிசோதிப்பதும் இவர்களுடைய வேலைதான். பாரிசவாதம், பார்க்கின்சன், மறதி நோய் வந்த முதியவர்களுக்கு உணவும் தண்ணீரும் வயிற்றுக்குப் போகாமல் சுவாசக் குழாய்க்குள் இறங்கலாம். அதிலிருந்து நியூமோனியா வரலாம். சிலருக்கு அப்படி இறங்கும்போது இருமல்கூட வராது. கட்டிலருகே நின்று பார்த்து மட்டும் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்க்கும் வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஆக, முழுத் தகவலும் கையில் இல்லாமலே ஒரு ஆலோசனை சொல்ல வேண்டி வரும்.

இப்போது தேத்தண்ணிக்கு வருவோம். அறுபது வருடமாகக் காலையில் தேத்தண்ணி குடித்த மனிதர். சுவாசக் குழாய்க்குள் இறங்கும் ஆபத்தைக் குறைக்க அதைக் கெட்டியாக்கிக் கொடுங்கள் என்கிறார் சிகிச்சையாளர். பெரியவர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கெட்டியாக்கிய பானத்தைப் பலர் குறைவாகவே குடிப்பார்கள், அதனால் உடம்பில் நீர் குறையும் ஆபத்தும் உண்டு. மகன் "டொக்டர் சொன்னதை மீறக்கூடாது" என்கிறார். மகள் "கடைசிக் காலத்தில் இதையுமா தடுப்பது" என்கிறார். இரண்டு பேரிடமும் இருப்பது பாசம்தான். ஆனால் பெரியவர் என்ன நினைக்கிறார் என்று அங்கே யாராவது கேட்டார்களா?

சிகிச்சையாளருக்கு மட்டுமே உரிய திறமை இங்கேதான் தேவைப்படுகிறது. பேச்சு போனால் அறிவும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. படம் காட்டி, சைகை காட்டி, ஆம் இல்லை என்று தலையசைக்க வைத்துக் கேட்கலாம். "வேணுமா?" என்று ஒரு முறையும், கொஞ்ச நேரம் கழித்து "வேண்டாமா?" என்று மாற்றியும் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். குடும்பத்தார் அவருக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால், மரியாதையோடு "கொஞ்சம் பொறுங்கோ, ஐயா சொல்லட்டும்" என்று நிறுத்தத் தெரிய வேண்டும். நம் ஊரில் மூத்த மகனை அப்படி நிறுத்துவது லேசான காரியமில்லை, எனக்குத் தெரியும்.

ஆபத்தை விளங்கிக்கொண்ட பிறகும் அவர் சாதாரணத் தேத்தண்ணிதான் வேண்டும் என்றால், அந்த முடிவு அவருடையது. அதற்காகச் சிகிச்சையாளர் "சொன்னேன், கேட்கவில்லை" என்று ஃபைலை மூடிவிட்டுப் போகக்கூடாது. நிமிர்ந்து உட்கார வைப்பது, சின்னச் சின்ன மிடறாகக் கொடுப்பது, வாயைத் தினமும் சுத்தமாக வைப்பது என்று ஆபத்தைக் குறைக்கும் வழிகளைக் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். டொக்டருக்கும் தாதிக்கும் தெரியப்படுத்தி, எழுத்திலும் பதிய வேண்டும். அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்றால் கதை வேறு. அப்போது குடும்பத்தையும் டொக்டரையும் ஒன்றாக உட்கார வைத்து, நல்லா இருந்த காலத்தில் அவர் எதை விரும்பினார், எதை வெறுத்தார் என்று தேட வேண்டும்.

மறதி நோய் முற்றிய நிலையில் மூக்கு வழியே குழாய் போடச் சொல்லிக் குடும்பம் கெஞ்சும். பட்டினி போடுகிறோமோ என்ற குற்ற உணர்ச்சி அது. அந்தக் கட்டத்தில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நியூமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. கவனமாகக் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. இதை அழுதுகொண்டிருக்கும் மகளிடம் இதமாகச் சொல்லவும் ஒருவர் வேண்டும்.

இன்னொன்று. பேச்சுப் பரிசோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோருக்காக உருவானவை. வாகரையிலோ சாய்ந்தமருதிலோ வாழ்ந்த ஒரு மூதாட்டியிடம் எழுத்துத் தமிழில் கேள்வி கேட்டு, அவர் பார்த்தேயிராத பொருளின் படத்தைக் காட்டி, பதில் வரவில்லை என்றால் "விளக்கம் குறைவு" என்று எழுதிவிடலாம். அந்த ஒரு வரியால் அவருடைய முடிவெடுக்கும் உரிமையே பறிபோகும். நம் வட்டாரப் பேச்சு தெரிந்த பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போக வேண்டும் என்று நான் இத்தனை வற்புறுத்துவது இதனால்தான்.

சரி, படிப்பு விஷயம். ராகமவிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இருக்கிறது. படிப்பு ஆங்கிலத்தில். உயர்தரப் பாடத் தகைமைக்கும் தெரிவு முறைக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலை மட்டும் நம்புங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போன வருடம் சொன்னதை வைத்து விண்ணப்பம் நிரப்ப வேண்டாம். சிங்களம் பேசப் பழகுவதும் உதவும், அம்பாறை நகரத்தில் வேலை கிடைத்தால் நோயாளிகளில் பலர் சிங்களவர்களாக இருப்பார்கள்.

விண்ணப்பிக்கும் முன், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரைச் சந்திக்க அனுமதி கேட்டு மகளை அனுப்புங்கள். மனதைச் சங்கடப்படுத்திய ஒரு முடிவைப் பற்றி அவரிடம் கேட்கட்டும். யாரோடு கலந்து பேசினார், வீட்டுக்குப் போன பிறகு அதை எப்படிச் சமாளித்தார் என்றும் கேட்கட்டும். அதற்குப் பிறகும் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னால், உயர்தரப் பெறுபேற்றுத் தாளையும் கைநூலையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். விருப்ப வரிசையைச் சேர்ந்திருந்து நிரப்புவோம்.