நண்பர்களோடு வெஸ்டர்ன் கடைக்குப் போனால் பில்லை எப்படிப் பிரிப்பது?

ஏழெட்டு நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை சிக்கன் சாப், ஸ்பகெட்டி என்று வெஸ்டர்ன் சாப்பாட்டுக்குப் போகிறோம், பில் வந்ததும் ஒன்றிரண்டு பேருக்கு முகம் மாறிவிடுகிறது, சமமாகப் பிரிப்பதா, அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர். ஆனால் பில் வந்த பிறகு பேசுகிற பேச்சு இல்லை இது. எந்தக் கடைக்குப் போவது என்று முடிவு செய்யும்போதே பேச வேண்டும். கூட்டத்தில் யாருக்குச் சம்பளம் குறைவோ அவரை மனதில் வைத்துத்தான் கடையைப் பார்க்க வேண்டும். நான் இதைத் தெரிந்துகொண்ட விதம் நல்ல விதம் இல்லை, அதனால்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நாங்கள் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைக்காரர்கள். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான் வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்த ஏழு பேர், எல்லாரும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். இப்போது ஒருத்தன் ஆசிரியர், ஒருத்தி ரவாங்கில் கணக்கு எழுதுகிறாள், ஒருத்தன் லோரி ஓட்டுகிறான், ஒருத்தன் செம்பனை ஆலையில் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பிறந்தநாளுக்காகப் பட்டணத்துப் பேரங்காடியில் இருக்கும் வெஸ்டர்ன் உணவகம் ஒன்றுக்குப் போனோம். லேம்ப் சாப், பீட்சா, கேக் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆலையில் வேலை செய்கிறவன் மட்டும் "பசியில்லை மச்சான்" என்று சொல்லி ஒரு காளான் சூப்பும் தண்ணீரும் வாங்கிக்கொண்டான். பில் 308 வெள்ளி. யாரோ உடனே போனில் கணக்குப் போட்டு, ஆளுக்கு 44 என்றார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து வைத்தான். பர்சை மூடும்போது அதில் வேறு நோட்டு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அவன் சம்பளம் 1,500 வெள்ளி. 26 நாளுக்குப் பிரித்துப் பாருங்கள், ஒரு நாளுக்கு 58 வெள்ளிகூட முழுசாக வராது. ஒரு சூப்புக்கு முக்கால் நாள் உழைப்பு. அதற்கப்புறம் மூன்று நான்கு மாதம் எப்போது கூப்பிட்டாலும் "ஓவர்டைம்" என்றான். நாங்களும் நம்பினோம். பிறகு ஒருநாள் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னான், அன்றைக்கு வீட்டிலேயே மேகி போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன் என்று. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

பெரிய உணவகங்களில் மெனுவில் இருக்கும் விலை நாம் கட்டும் விலை இல்லை, இதையும் முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் கீழே இரண்டு வரி சேரும். 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ், 6 விழுக்காடு சேவை வரி. முதலாவது அரசாங்க வரி இல்லை, கடை போடுவது. இரண்டாவதுதான் வரி. 2024 மார்ச்சில் நிறைய சேவைகளுக்கு அது 8 விழுக்காடாக ஏறியபோதும் சாப்பாட்டுக்கு 6-லேயே விட்டார்கள். 32 வெள்ளி என்று பார்த்துச் சொன்ன சாப், கட்டும்போது 37-ஐத் தாண்டிவிடும். வருஷ வியாபாரம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைக்கு இந்த வரி கிடையாது, அதனால் சின்னக் கடையில் பலகையில் எழுதியிருப்பதுதான் விலை.

இப்போது நாங்கள் போவது ஊரிலேயே இருக்கும் ஒரு கூடாரக் கடைக்கு. சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் இங்கே இருப்பதால் மாணவர்களை நம்பி இந்த மாதிரிக் கடைகள் ஓடுகின்றன. புருஷனும் பெண்டாட்டியும் நடத்துகிறார்கள், மலாய்க்காரர்கள். சிக்கன் சாப் 14 வெள்ளி. சூட்டுத் தட்டில் வரும், சாஸை மேலே ஊற்றும்போது சுர்ரென்று புகை கிளம்பி கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் கோல்ஸ்லாவ், கொஞ்சம் பொரித்த உருளைக்கிழங்கு.

இதெல்லாம் அசல் வெஸ்டர்ன் இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிக்கன் சாப்பே இந்த மண்ணில் உருவானதுதான். ஹைனான் சீனர்கள் மற்றவர்களுக்குப் பிந்தி இங்கே வந்ததால் நல்ல தொழில்கள் எல்லாம் ஏற்கெனவே மற்றவர்கள் கையில் இருந்தன, அதனால் நிறையப் பேர் வெள்ளைக்காரர் வீட்டுக் குசினியிலும் கப்பலிலும் சமையலுக்குப் போனார்கள். துரைமார் கேட்ட சாப்பாட்டைச் சோயா சாஸும் வெங்காயமும் பச்சைப் பட்டாணியும் போட்டுத் தங்கள் கைப்பக்குவத்தில் செய்தார்கள், பிறகு அதையே கோப்பிக் கடையிலும் விற்றார்கள். என் பாட்டி துரை பங்களாவில் துணி துவைத்தவர். அந்தக் குசினி வாசனைதான் தனக்குத் தெரியும், ருசி தெரியாது என்பார். அவர் பேரப்பிள்ளை 14 வெள்ளிக்கு அதை உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம், பில்லைவிடச் சங்கடமான இன்னொன்று இருக்கிறது. நம் ஆட்களில் பலர் மாட்டிறைச்சி தொட மாட்டார்கள். மெனுவில் வெறுமனே 'டாகிங்', அதாவது மலாயில் இறைச்சி, என்று போட்டிருந்தால் அது மாடுதான். பொலொனீஸ் ஸ்பகெட்டி பெரும்பாலும் மாட்டுக் கொத்துக்கறி. கறுப்பு மிளகு சாஸில் மாட்டெலும்புச் சாறு கலப்பது உண்டு, கோழி வாங்கினாலும் மேலே ஊற்றுவது அதுதானே. பர்கர் சுடும் தகடு ஒன்றே ஒன்றாக இருந்தால் மாடும் கோழியும் அதில்தான் வேகும். கேட்பதில் வெட்கமே வேண்டாம், "அபாங், சாஸ் இனி ஆடா லெம்பு?" (அண்ணே, இந்தச் சாஸில் மாடு இருக்கிறதா?) என்று மலாயில் கேட்டால் பளிச்சென்று பதில் வரும். எங்கள் கடைக்காரர் ஒருமுறை கேட்டதிலிருந்து எங்கள் மேசைக்கு மட்டும் வாணலியில் தனியாகப் பொரித்துத் தருகிறார். செவ்வாய், வெள்ளி சைவம் என்பவர்களுக்கும் புரட்டாசி மாதம் முழுக்க விரதம் இருப்பவர்களுக்கும் ஆலியோ ஓலியோ ஸ்பகெட்டி நல்லது, பூண்டும் மிளகாயும் எண்ணெயும்தான், கோழியும் இறாலும் போடாதே என்று சொன்னால் போதும். காளான் சூப்பை நம்பாதீர்கள், கோழிச் சாற்றில் செய்வதுதான் வழக்கம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போவதற்கு முதல் நாளே மெனுவைப் படம் பிடித்து வாட்சாப் குழுவில் போட்டுவிடுகிறோம், விலை தெரியாமல் யாரும் வந்து உட்காரக் கூடாது. சொல்லும்போதே தனித்தனிச் சீட்டு கேட்கிறோம். அது முடியாத கடையில் ஒருத்தர் மொத்தமாகக் கட்டுவார், மற்றவர்கள் போனிலேயே பணம் அனுப்பும் டூயிட்நவ் வழியாக அவரவர் பங்கை அனுப்புவார்கள். யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று குழுவில் பட்டியல் போடுவதில்லை, அது அனுப்பியவருக்கும் கட்டியவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பிறந்தநாள்காரருக்கு மற்றவர்கள் சேர்ந்து வாங்கித் தருவோம். பேரங்காடிக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் தனியாகப் போய் வரட்டும், அதில் தப்பில்லை, ஆனால் ஏழு பேர் கூடும் நாளுக்கு அந்தக் கடை வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. ஆலைக்காரன் இப்போது தவறாமல் வருகிறான். போன மாதம் வந்து உட்கார்ந்ததும் அவன்தான் முதலில் சாப் சொன்னான், கூட ஒரு சூப்பும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கடை கட்டாயம் இருக்கும். சம்பளம் போட்ட வாரம் வேண்டாம், கூட்டம் தாங்காது. ஆறரைக்குள் போய்விடுங்கள், எட்டு மணிக்கு மேல் மாணவர்கள் வந்துவிட்டால் நாற்பது நிமிஷம் காத்திருக்க வேண்டிவரும்.