மார்ச் மாத அண்டார்டிகா கப்பல் பயணம்: பென்குயின்கள் இருக்குமா?

பாதிக் கட்டணத்தில் கிடைக்கும் மார்ச் நடுப்பகுதி அண்டார்டிகா கப்பல் பயணத்தில் பென்குயின்களையும் அவற்றின் குஞ்சுகளையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மார்ச் நடுவிலும் பென்குயின்களைப் பார்க்கலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் பஞ்சு போன்ற சிறு குஞ்சுகளைக் காண்பது அரிது. அண்டார்டிகா தீபகற்பத்தில் அடேலி இனத்தில் பெரும்பாலானவை அதற்குள் கடலுக்குத் திரும்பியிருக்கும். ஜென்டூ இனம் எஞ்சியிருக்கும், அவற்றிலும் பல பழைய இறகுகளை உதிர்த்தபடி, நீரில் இறங்காமல் கரையிலேயே அசையாமல் நிற்கும்.

கட்டணம் பாதியாகக் குறைந்திருப்பதற்குப் பயணப் பருவத்தின் முடிவே காரணமாக இருக்கக்கூடும். டிசம்பரில் ஏறத்தாழ நாள் முழுவதும் நீடிக்கும் வெளிச்சம் அப்போது சுமார் 12 மணி நேரமாகச் சுருங்கிவிடும். எனினும், கூனல் திமிங்கிலங்கள் கிரில் எனும் இறால் போன்ற சிற்றுயிரிகளை உண்ண விரிகுடாக்களில் திரளும் காலம் அது என்பதால், அவற்றுக்காகவே செல்பவருக்கு நான் டிசம்பரைவிட மார்ச்சையே பரிந்துரைப்பேன்.

முன்பணம் செலுத்துமுன், கப்பல் எத்தனை பயணிகளை ஏற்றிச் செல்கிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பலிலிருந்து எவரும் அங்கே கரையிறங்க முடியாது. சிறிய கப்பல்களிலும் ஓரிடத்தில் ஒரே வேளையில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக்கூடாது என்பதால், 200 பேர் செல்லும் கப்பலில் உங்கள் முறைக்காகக் காத்திருக்க நேரும். மலிவான கட்டணம் சில வேளைகளில் கரையிறங்காத பயணத்துக்குரியதாக இருக்கும். விளம்பரப் படங்களில் அது தெரியாது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 2 நாள் ஆகும், புயல் வந்தால் தாமதமாகும். ஆகவே கப்பல் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயா திரும்பும் நாளிலேயே விமானத்துக்குப் பதிவு செய்யாதீர்கள்.